மடங்கு ஒன்றாக இருந்தால்

மாமாவுக்கு வீட்டில் ஒரே ஒரு எழுத்துதான் தெரியும் என்று அக்கா சொல்லுவாள். அந்த எழுத்து 'ம்'. சாப்பாடு வைக்கட்டுமா என்றால் ம். தண்ணீர்க் குழாய் உடைந்து வாசலெல்லாம் சேறு என்றாலும் ம். இழுத்துச் சொன்னால் சரி, வெட்டிச் சொன்னால் வேண்டாம், மூக்கு வழியாக வந்தால் யோசிக்கிறேன். இப்படி அக்காவே பொருள் பிரித்து வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தி வந்தாள்.

அவளும் வாய் ஓயாத ஆள் இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் தையல் பிரிவில் இருக்கிறாள். கிழிந்து வரும் படுக்கை விரிப்புகளில் நைந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத் துணியை ஓரம் மடித்துத் தைத்துத் தலையணை உறையாக்கும் வேலை. அங்கே அவளுக்குப் பெயர் 'தந்தி'. லீவு கேட்கப் போனால் மேற்பார்வையாளர் முன்னால் நின்று, "நாளைக்கு வரல, காய்ச்சல்" என்பாள், திரும்பிவிடுவாள். மற்ற பெண்கள் அதே லீவுக்குக் கால் மணி நேரம் அழுதுகொண்டிருப்பார்கள்.

நான் அவளுக்குத் தம்பி. அவர்கள் வீட்டுக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் படுக்கை, கீழே சாப்பாடு. மாமா வேலை செய்யும் அதே கல் அறுக்கும் பட்டறையில்தான் நானும் இருக்கிறேன். அவர் அறுக்கிறார், நான் பாலிஷ் போடுகிறேன்.

பட்டறையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பிளேடு ஆளைவிட உயரம். கருங்கல்லுக்குள் அது இறங்கும்போது வரும் சத்தம் காதுக்குள் வருவதில்லை, பல்லுக்குள் வருகிறது. மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும். கீழே கணுக்கால் அளவு கல்சேறு. எல்லோர் தலையிலும் காதடைப்பான். அதனால் வேலை நேரத்தில் பேச்சே கிடையாது. முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து. உள்ளங்கையை நெஞ்சில் தட்டினால் டீ. மேஸ்திரியைத் திட்டுவதற்கும் ஒரு சைகை உண்டு, அது மேஸ்திரிக்கும் தெரியும். இந்த வேலையில் நாளாவட்டத்தில் விரல் நுனிகள் தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மாமாவின் விரலுக்குச் செல்போன் மசியாது. சுண்டுவிரல் ஒன்றுதான் அவருக்கு மிச்சம் இருக்கும் மெத்தென்ற விரல்.

அந்தச் சுண்டுவிரலை வைத்து அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது ஒரு மதியம்தான் எனக்குத் தெரிந்தது.

சாப்பாட்டு நேரம். ஈரம் பட்ட போனை வெயிலில் ஒரு பலகை மேல் காய வைத்துவிட்டு மாமா கை கழுவப் போயிருந்தார். போன் அதிர்ந்து பலகையின் ஓரத்துக்கே வந்துவிட்டது. விழாமல் பிடித்தேன். திரையில், "உளி, இது உங்களுக்குக் கடைசி எச்சரிக்கை" என்று இருந்தது. மாமா ஏதோ வில்லங்கத்தில் மாட்டிக்கொண்டார் என்று முழுவதையும் படித்துவிட்டேன்.

வில்லங்கம்தான். கணக்கு வில்லங்கம். 'கணக்கு மன்றம்' என்று ஒன்று இருக்கிறதாம். கணக்கில் சந்தேகம் உள்ளவர்கள் அதில் கேள்வி போடுவார்கள். தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. மாமா அங்கே 'உளி'. கல்லூரியில் கணக்குப் படிப்பில் சேர்ந்து, அவருடைய அப்பா கால் உடைந்து படுத்ததும் பாதியில் விட்டுவிட்டுக் கல்லுக்கு வந்தவர் அவர். அந்தப் பாதி எங்கே போயிற்று என்று நாங்கள் கேட்டதே இல்லை. அது இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

எச்சரிக்கை எழுதியவர் மன்றத்தின் நிர்வாகி. எங்கேயோ கல்லூரியில் பாடம் எடுப்பவராம். கேள்விகளைத் தவிர வேறெங்கே வணக்கம், நன்றி, மன்னிக்கவும் என்று யார் எழுதினாலும் வெட்டிவிடுவார் என்பதால் எல்லோரும் அவரைக் 'கத்தரி' என்கிறார்கள். அவர் எழுதியிருந்தது இது:

"உளி, உங்கள் பதில்கள் பெரும்பாலும் சரி. ஆனால் கேட்பவர் ஒரு படியில் தடுக்கி நிற்கிறார். நீங்கள் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் மாடியில் விடுகிறீர்கள். அவர் செய்ய எதையும் மிச்சம் வைப்பதில்லை. வழி மட்டும் காட்டுங்கள், சுருக்கமாக. அடுத்த நீளப் பதிலோடு உங்கள் பதில் எழுதும் உரிமை நிறுத்தப்படும்."

எனக்கு இது தாங்காத வேடிக்கையாக இருந்தது. மாலையில் சாப்பிடும்போது அக்காவிடம் போட்டுக் கொடுத்துவிட்டேன். மாமா அதிகம் பேசுகிறாராம், வாயை மூடச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மாமாவிடம் போனை வாங்கினாள். படித்தாள். விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள், பதில் முடிகிற பாடாக இல்லை.

அது 'மறதி' என்ற பெயரில் ஒருவர் கேட்ட கேள்விக்கு மாமா எழுதியது. படிப்பை விட்டுப் பல வருஷம் கழித்துப் பரீட்சை எழுதுகிறவராம். கேள்விக்கு முன்னால் பாதிப் பக்கம் மன்னிப்பு. முட்டாள்தனமாகக் கேட்கிறேன், கோபப்படாதீர்கள், பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம்? அதற்கு ஒருவர், "இது அற்பம்" என்று எழுதியிருந்தார். இன்னொருவர், "பள்ளிப் புத்தகத்தைப் பார்க்க" என்றிருந்தார். மூன்றாவதாக மாமா.

அக்கா சத்தமாகப் படித்தாள். "முதலில் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். கணக்கு எங்கும் ஓடிப்போகாது. இது முட்டாள்தனமான கேள்வி இல்லை. நானும் இதில் தடுமாறியவன்தான். உங்களிடம் அரைப் பலகை கல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்..."

நிறுத்தினாள்.

"எனக்குக் காய்ச்சல் அடிச்சப்போ தண்ணி குடின்னு சொன்னீங்களா?"

"ம்" என்றார் மாமா. நான் சிரித்துத் தொலைத்தேன். அவள் பார்த்த பார்வையில் தட்டுக்குள் குனிந்துகொண்டேன்.

அவளுக்கு வலித்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக இந்த மனிதரிடம் சொல்லே இல்லை என்று நினைத்து, அவரிடம் இருக்கிற ஒற்றை எழுத்தை வைத்து ஒப்பேற்றிவிட்டாள். இருந்திருக்கிறது. மூட்டை மூட்டையாக இருந்திருக்கிறது. முகம் தெரியாத ஒரு மறதிக்குப் போயிருக்கிறது.

தட்டைக் கழுவினாள். திரும்பி வந்து, "விட்டுருங்களேன். போனா போகுது" என்றாள்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது போச்சுன்னா எனக்குப் பேச வேற எடமில்ல" என்றார்.

வீட்டில் அவர் பேசி நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அக்கா எதிரில் உட்கார்ந்தாள். போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "நீங்க சொல்லுங்க. நான் அடிக்கிறேன். எது வேணும் எது வேண்டாம்னு நான் பாத்துக்கறேன்."

அவளுக்குக் கணக்கு தெரியாது என்று மாமா தயங்கினார். கணக்கு தெரிய வேண்டாம், வளவளப்பு தெரிந்தால் போதும் என்றாள். கிழிசலைக் கண்டுபிடிக்க நெசவு தெரிய வேண்டுமா என்று கேட்டாள்.

மறுநாள் மாலையிலிருந்து எங்கள் வீடு வேறு வீடாகிவிட்டது. மாமா குளித்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்காருவார். அக்கா எதிரில். மாமா சொல்ல ஆரம்பிப்பார். அதைச் சொல்வது என்று சொல்லக் கூடாது. பக்கத்திலேயே பிளேடு ஓடுகிற மாதிரி ஒரு தொண்டை. "இரண்டு பக்கமும் மூன்றைக் கழியுங்கள்" என்பதை, யாரோ கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்ட மாதிரி அலறுவார். முதல் நாளே பக்கத்து வீட்டு நர்ஸ் கதவைத் தட்டிவிட்டாள். "என்னக்கா, சண்டையா?"

"கணக்கு" என்றாள் அக்கா.

நர்ஸ் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தாள். நானும் கணக்குதான் என்று தலையாட்டினேன். அவள் போனதும் அக்கா பழைய பழக்கத்தில், "கத்தாதீங்க" என்றாள். மாமா சட்டென்று நிறுத்திவிட்டார். அடுத்த வரி என்ன என்று கேட்டதற்கு, "ம்" என்றார்.

அக்கா போனைக் கீழே வைத்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். கேட்டதும் சொல்கிற ஆள் இல்லை. இழுத்து இழுத்துத்தான் வந்தது.

"வேலை முடிஞ்சாலும் காதுக்குள்ள மெஷின் ஓடிட்டேதான் இருக்கு. என் கொரலே எனக்குக் கேக்கறதில்ல. நீ கத்தாதீங்கன்னு சொல்லுவ. எவ்வளவு கொறைச்சா சரியா இருக்கும்னு தெரியல. அதான் மொத்தமா கொறைச்சுட்டேன். அங்க எழுத்துல சத்தம் இல்ல."

அக்கா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். கதவையும் சாத்தினாள். வந்து உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"கத்துங்க" என்றாள்.

அவள் வெட்டியதைப் பார்க்க வேண்டுமே. 'முதலில் தண்ணீர் குடியுங்கள்' போயிற்று. 'நானும் தடுமாறியவன்தான்' போயிற்று. கல் பலகை போயிற்று. 'ஒருவேளை', 'என்று நினைக்கிறேன்', 'தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்' எல்லாம் வாசலுக்கு வெளியே. ஒவ்வொன்றுக்கும் மாமா முகம் சுருங்கும். இது யாருக்கு என்று கேட்பாள். கேட்டவருக்கா, உங்களுக்கா? தனக்குத்தான் என்று மாமாவே ஒப்புக்கொள்வார், அது போய்விடும். கடைசியில் இரண்டு வரி நிற்கும். மாமா ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை: 'சிறிய எண் ஒன்றைப் போட்டுச் சரிபாருங்கள்' என்று எல்லாப் பதிலின் கடைசியிலும் வர வேண்டும். அதை அக்கா அனுமதித்தாள்.

உண்மையைச் சொன்னால் பதில்கள் நன்றாகிவிட்டன. முன்பெல்லாம் மாமாவின் பதிலுக்குக் கீழே நன்றி மட்டும்தான் இருக்கும், கத்தரி வந்து வெட்டுகிற வரை. இப்போது கேட்டவர்கள் தாங்களே மிச்சத்தைச் செய்து கொண்டுவந்து காட்டினார்கள். மறதிகூட ஒரு கணக்கைப் பாதியிலிருந்து தானாக முடித்துப் போட்டிருந்தார். மாமா அதைப் பட்டறையில் எனக்குக் காட்டினார். கத்தரி சொன்னது சரிதான் என்று அவரே சொன்னார். தூக்கிக்கொண்டு போவது சுகம், ஆனால் அது தூக்குகிறவனுக்குத்தான் என்றார். மன்றத்தில் ஒருவன், உளிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று கேட்டிருந்தான். கத்தரி அதை வெட்டியிருந்தார்.

அப்புறம்தான் அந்த வினை வந்தது.

மறதி ஒரு தொடர் கேட்டிருந்தார். ஒன்றில் ஆரம்பித்து, ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் இத்தனை மடங்கு என்று ஏறிக்கொண்டே போகிற எண்கள். அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கூட்டாமல் கூட்டுத்தொகையைப் பிடிப்பது எப்படி? மாமாவுக்கு மிகவும் பிடித்த கணக்காம் அது. குளிக்கப் போவதற்கு முன்பே, உடம்பெல்லாம் கல்சேற்றோடு நின்றுகொண்டே சொல்லிவிட்டார். முழுத் தொடரையும் அந்த மடங்கால் பெருக்குங்கள். பெருக்கியதிலிருந்து பழையதைக் கழியுங்கள். என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

"என்ன மிஞ்சும்?" என்று அக்கா கேட்டாள். அவள் கணக்கைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நடுவில் இருக்கிறதெல்லாம் மேலும் கீழும் ஒன்றாக இருப்பதால் அடிபட்டுப் போய்விடும், முதலும் கடைசியும் மட்டும் மிஞ்சும், பிறகு ஒரு வகுத்தல், விடை வந்துவிடும் என்றார் மாமா. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "நடுவுல உள்ளதெல்லாம் போயிருமா? இப்பதான் ஒரு உருப்படியான கணக்கு சொல்லியிருக்கீங்க."

மாமா இன்னொரு வரியும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்: 'மடங்கு ஒன்றாக இருந்தால் மட்டும் இது ஆகாது.' அக்கா அதையும் அடித்தாள். அப்புறம் திரும்பப் படித்தாள். 'மட்டும்', 'ஆகாது' என்று இழுக்கிற வரி. அவருடைய வழக்கமான பயந்த பேச்சு. தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதன் தங்கச்சி. வெட்டினாள். அனுப்பினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்; எனக்கும் அது நல்ல வெட்டாகத்தான் பட்டது. மாமா தலை துவட்டிக்கொண்டு வந்து, போச்சா என்றார். போச்சு என்றாள். அவர் திரும்பப் படிக்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மாமா டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கை டப்பாவுக்குப் போகவில்லை. எட்டிப் பார்த்தேன். மறதி எழுதியிருந்தார்:

"வாய்பாடு வந்துவிட்டது. நீங்கள் எப்போதும் சொல்கிறபடி சிறிய எண்ணைப் போட்டுப் பார்த்தேன். இருப்பதிலேயே சிறியதாக இருக்கட்டும் என்று மடங்கு ஒன்று. மேலே பூஜ்ஜியம் வந்தது, கீழேயும் பூஜ்ஜியம். அப்படியானால் விடை பூஜ்ஜியம்தானே? ஆனால் தொடர் முழுவதும் ஒன்றுகள். ஒன்றுகளைக் கூட்டினால் எப்படி ஒன்றுமே இல்லாமல் போகும்? காலையிலிருந்து திரும்பத் திரும்பப் போடுகிறேன். தப்பு என்னிடம்தான். இந்த வயதில் உனக்கு இது வராது என்று வீட்டில் சொன்னார்கள். இதோடு நிறுத்திக்கொள்கிறேன். மன்னிக்கவும்."

அதற்குக் கீழே எவனோ, "உளி மழுங்கிவிட்டது" என்று எழுதியிருந்தான். அதற்கும் கீழே கத்தரி: "உளி, நிபந்தனை எங்கே? சுருக்கச் சொன்னேன், குறைக்கச் சொல்லவில்லை. இன்று மாலைக்குள் திருத்துங்கள். இல்லாவிட்டால் உங்கள் உரிமை நிறுத்தப்படும்."

மாமா, நான் சொன்னேனே, சொன்னேனே என்று இரண்டு தடவை முணுமுணுத்தார். அக்கா வெட்டியதை நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு யோசனையும் சொன்னேன்: பதிலை அடித்தது என் மனைவி, அவளுக்குக் கணக்கு தெரியாது என்று கத்தரிக்கு எழுதிவிடுங்கள், விட்டுவிடுவார்.

மாமா என்னைப் பார்த்தார். "உங்கக்காவக் காட்டிக் கொடுத்துட்டு நான் அங்க உக்காந்து என்னத்தடா பேசறது?"

சுண்டுவிரலால் திருத்தத்தை அடிக்கப் பார்த்தார். ஈரத்தில் ஊறி வெளுத்த விரல். 'ம' அடித்தால் 'த' விழுந்தது, பிறகு எதுவுமே விழவில்லை. சட்டையில் துடைத்தார், சட்டையும் ஈரம். என்னிடம் கொடுத்தார். என் விரல் பாலிஷ் பவுடரில் அதைவிட மோசம். மணி அடித்துவிட்டது. மேஸ்திரி கையை வீசிக் கூப்பிட்டார். மாமா காதடைப்பானை மாட்டிக்கொண்டு போனார். அன்று அறுத்த பலகையில் ஒன்று ஓரம் கோணிப்போயிற்று. அவர் கையில் கல் கோணி நான் பார்த்ததில்லை.

மாலையில் அக்கா வந்ததும் வராததுமாக நான் விஷயத்தைச் சொன்னேன். எந்த வரி என்று கேட்டாள். கடைசி வரி என்றேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமா முன்னால் போய் நின்றாள்.

"அது உங்க சாக்குப்போக்குன்னு நெனச்சேன்."

மாமா அவளைத் திட்டவில்லை. அங்கே கிடந்த அவளுடைய பொத்தான் டப்பாவை எடுத்து, தரையில் ஒவ்வொரு பொத்தானாக வரிசையாக வைத்தார். மடங்கு ஒன்று என்றால் எல்லாம் ஒரே அளவுதான், இப்படித்தான் இருக்கும் என்றார். இதை ஒன்றால் பெருக்கினாலும் இதே வரிசைதான். அதிலிருந்து இதைக் கழித்தால் நடுவில் மட்டுமா போகும்? முதலும் போகும், கடைசியும் போகும். ஒன்றும் மிஞ்சாது. கீழேயும் பூஜ்ஜியம் வரும், பூஜ்ஜியத்தால் வகுக்கவும் முடியாது. இந்த ஒரு இடத்தில் மட்டும் குறுக்கு வழி கிடையாது, பேசாமல் எண்ணிவிட வேண்டும்.

அக்கா பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அது ஓரத் தையல்" என்றாள். "பாத்தா சும்மா ஒட்டிட்டு இருக்கற மாதிரி இருக்கும். அத வெட்டினா மொத்தத் துணியும் பிரிஞ்சுரும்."

"ம்" என்றார் மாமா. இழுத்த 'ம்'.

அவள் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். மாமா சொல்வதற்காகக் காத்திருக்கவில்லை. தானே அடிக்க ஆரம்பித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். நான் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன், அது ஆடை கட்டியது, இன்னும் அடித்துக்கொண்டிருந்தாள். என் அக்கா எதற்கும் இவ்வளவு சொல் செலவழித்து நான் கண்டதில்லை. முடித்ததும் மாமாவிடம் நீட்டினாள்.

அவர் எட்டப் பிடித்துப் படித்தார். மறதி, நான் உளியின் மனைவி. எனக்குக் கணக்கு தெரியாது. அவர் சரியாகத்தான் சொன்னார், நான்தான் அந்த வரியை வெட்டினேன். உங்களை அழ வைத்துவிட்டேன். உங்கள் வீட்டில் சொன்னதை நம்பாதீர்கள், வீட்டில் இருக்கிறவர்களுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று தெரியாது, எனக்கே தெரியவில்லை. இப்படிப் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் குடியுங்கள் என்றுகூட எங்கேயோ இருந்தது.

மாமா இரண்டு தடவை படித்தார். அப்புறம், உன்னைப் பற்றி வேண்டாம் என்றார்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் இல்ல. என் பேர்ல போனது என் பதில். அனுப்பறதுக்கு முன்னாடி நான் படிச்சிருக்கணும். படிக்கல."

அவள் போனை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். பிறகு மாமா வெட்டினார், அவள் விரலால். மாமா ஒரு வரியைக் காட்டுவார், அவள் முகம் சுருங்கும், இது யாருக்கு என்று அவர் கேட்பார், அவள் எனக்குத்தான் என்பாள், அழிப்பாள். நான் ஆடை கட்டிய டீயை நானே குடித்துவிட்டு இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மாலைக்குள் என்று சொல்லியிருந்தார் கத்தரி. அவர் ஊர் மாலை எப்போது முடிகிறதோ. கடைசியில் நின்றது இது:

"தப்பு உங்களிடம் இல்லை. என் பதிலில் ஒரு வரி விட்டுப்போயிற்று: மடங்கு ஒன்றாக இருந்தால் இந்த வழி செல்லாது. எந்தப் படியில் என்று வகுக்கும் இடத்தில் தேடுங்கள். ஒன்றைப் போட்டுப் பார்த்ததால்தான் என் பிழை அகப்பட்டது. நிறுத்தாதீர்கள்."

மாமா கடைசிச் சொல்லைக் காட்டினார். இது கணக்கு இல்லை, கத்தரி இதைப் பிடித்துக்கொள்வார், எடுத்துவிடு என்றார்.

அக்கா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இது ஓரம்" என்றாள். அவர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அனுப்பிவிட்டாள்.

அதற்கப்புறம் மூன்று பேரும் தரையில் பொத்தான்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மாமா பொத்தான்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார். போன் அதிர்ந்தது. கத்தரி. "சரி. தொடரலாம்." அவ்வளவுதான்.

"இந்த ஆளு என்னை மாதிரி" என்றாள் அக்கா. குரலில் மரியாதை இருந்தது.

சற்றுக் கழித்து மறதி வந்தார். நன்றி உளி, நன்றி நன்றி, கண்டுபிடித்துவிட்டேன், கீழே பூஜ்ஜியம் வருகிறது, அங்கே வகுத்திருக்கவே கூடாது, ஒன்று என்றால் சும்மா எண்ணினால் போதும், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன் என்று ஒரு கொத்து. அக்கா படித்து முடிப்பதற்குள் திரை ஒரு தடவை சிமிட்டியது. நன்றி எல்லாம் போயிற்று. 'கீழே பூஜ்ஜியம் வருகிறது, அங்கே வகுக்கக் கூடாது, ஒன்று என்றால் எண்ணினால் போதும்' என்பது மட்டும் நின்றது.

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆளுக்கு வீடு வாசல், பெண்டாட்டி பிள்ளை கிடையாதா என்றாள். சற்று முன் என்னை மாதிரி என்றவள். மாமா, நீதான் பார்த்துவிட்டாயே, அப்புறம் அது அங்கே எதற்கு என்றார். அவள் முணுமுணுத்துக்கொண்டே மேலே தள்ளி எங்கள் பதிலைப் பார்த்தாள். கத்தரி அதிலும் கை வைத்திருந்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தியிருந்தார். 'நிறுத்தாதீர்கள்' அப்படியே இருந்தது.

அவள் அதை மாமாவுக்குக் காட்டினாள். அவர் சுண்டுவிரலால் அந்தச் சொல்லைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த வாரத்திலேயே மறதி அடுத்த கேள்வி போட்டார். மன்னிப்பு இல்லை, முட்டாள்தனம் இல்லை. கேள்வி, தான் முயன்ற இரண்டு படி, தடுக்கிய இடம். அவ்வளவே. மாமா அதைப் படித்துவிட்டு, ஆள் தேறிவிட்டார் என்று என் தோளில் தட்டினார். கல் பலகை விழுந்த மாதிரி இருந்தது.

சாப்பாடு ஆனதும் அவர் சுவரில் சாய்ந்தார். அக்கா ஜன்னலைச் சாத்தப் போனாள். பக்கத்து வீட்டு நர்ஸ் அவள் வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டே, இன்னிக்கு என்னக்கா கணக்கு என்று கேட்டாள். அக்கா ஜன்னலைச் சாத்தாமல் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மாமா கத்த ஆரம்பித்தார். அவள் அடித்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றாள். முன்பென்றால் விரல் தானாகவே வெட்டியிருக்கும்.

"இந்த வரி ஓரமா, கிழிசலா?"

கிழிசல்தான் என்றார் மாமா. ஆனால் அது ஏன் கிழிசல் என்று விளக்க ஆரம்பித்தார். அது மன்றத்துக்கு இல்லை, அவளுக்கு. அறுத்த பலகை, அரைப் பலகை, பொத்தான் என்று எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போனார். எனக்குத் தூக்கம் வந்துவிட்டது, மேலே போகலாம் என்று எழுந்தேன். அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாமா மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினார்.

"அப்புறம்?" என்றாள் தந்தி.